உறை மோர் கேட்ட பாட்டி

எங்கள் கட்டடத்தில் மொத்தம் 12 வீடுகள். அந்தப் பன்னிரண்டிலுமாகச் சேர்த்து மூன்றே மூன்று பாட்டிகள்தான் இருக்கிறார்கள். அவர்களில் இரண்டாம் மாடிப் பாட்டியைப் பற்றி இந்த வாரம் எழுதப்போகிறேன். பாட்டியிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கியாகிவிட்டது. "தாராளமா எழுதிக்கோ. என் வயசை மட்டும் போடாதே" என்றாள். அதனால் போடவில்லை. அந்த வீட்டுப் பெண்ணுக்குச் சங்கடம் வரக் கூடாதே என்று இன்னும் சில சில்லறை விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

பாட்டிக்குத் திருச்சிப் பக்கம். காது மந்தம் என்று பிள்ளையும் மருமகளும் சொல்லிக்கொள்வார்கள். ஆனால் பாட்டிக்கு வேண்டிய விஷயத்தை மொட்டை மாடியில் ரகசியமாகப் பேசினாலும் அவளுக்குக் கேட்டுவிடும் என்பது எங்களுக்கெல்லாம் தெரியும்.

பாட்டி வீட்டுக்கு நேர் எதிர் வீட்டில் ஒரு புருஷன், பெண்டாட்டி, மூன்று வயதுக் குழந்தை. குடி வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவனுக்கு நல்ல உத்தியோகம். படிக்கட்டில் எதிர்ப்பட்டால் ஒதுங்கி வழி விடுவான். குடிப்பழக்கம் கிடையாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பெண்டாட்டியை அடிக்கிறவன் என்றதும் நமக்கெல்லாம் ஒரு குடிகாரன் தள்ளாடிக்கொண்டு வருவதுதான் கண்ணில் தெரிகிறது. 'நம்மைப் போன்ற' குடும்பங்களில் அது நடக்காது என்று ஒரு எண்ணம். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டில் கல்யாணமான 18 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 38 பேர் புருஷனிடம் எப்போதாவது கொடுமையை அனுபவித்தவர்கள் என்கிறது. நூற்றுக்கு 38 என்றால், 12 வீட்டில் எத்தனை? மனக்கணக்குப் போட்டுவிட்டு எனக்கு அன்று காப்பி இறங்கவில்லை.

வாரத்தில் ஒரு நாள், சில வாரம் இரண்டு நாள், இரவு ஒன்பது மணிக்குமேல் அந்த வீட்டில் சத்தம் கேட்கும். முதலில் அவன் குரல். பிறகு ஏதோ பாத்திரம் உருளும் ஓசை. அதற்குப் பிறகு வரும் சத்தம் என்னவென்று எல்லோருக்கும் தெரியும்; யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் மற்ற வீடுகளில் என்ன நடக்கும் என்கிறீர்கள்? டெலிவிஷனின் சத்தம் ஒரு படி கூடும். என் வீட்டிலும்தான். வெட்கப்படத்தக்க விஷயம், ஆனால் வாஸ்தவம்.

ஒரு நாள் காலை மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். பாட்டி வடகம் காயப் போட்டுவிட்டுக் கையில் குச்சியுடன் காகத்துக்குக் காவல் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் வாளியுடன் வந்தாள். கொடியில் துணி போடக் கையைத் தூக்கியபோது முழங்கைக்குமேல் நீலம் பாய்ந்திருந்தது தெரிந்தது. பாட்டியும் பார்த்தாள்.

"ஆம்பிளைன்னா கோவம் வரத்தான் வரும் கண்ணு. நாமதான் கொஞ்சம் பொறுத்துப் போகணும். குழந்தை இருக்கில்ல?" என்றாள் பாட்டி.

அந்தப் பெண் தலையை ஆட்டினாள். மீதித் துணியை உலர்த்தாமலேயே வாளியை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டாள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அதிலும் வேடிக்கையைப் பாருங்கள்: அடித்தவன்மேல் வந்த கோபத்தைக் காட்டிலும் பாட்டிமேல் வந்த கோபம்தான் அதிகம். 'இந்தக் கிழவிகளால்தான் எல்லாம் கெட்டது' என்று மனசுக்குள் ஒரு பிரசங்கமே செய்தேன். பாட்டி, மாமியார் என்றாலே நமக்கு அப்படித்தானே தோன்றுகிறது? தொடர்கதைக்குப் படம் போடுகிற ஓவியர்கூட மாமியாரின் புருவத்தை மட்டும் ஒரு தினுசாகத்தான் வளைக்கிறார்.

இந்தக் கோபம் ஆறுவதற்குள் செனகல் தேசத்துப் பாட்டிகளைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. செனகலுக்கும் எங்கள் இரண்டாம் மாடிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். (அடடா, நானும் பொறுக்கத்தான் சொல்கிறேன்!)

செனகல், ஆப்பிரிக்காவின் மேற்குக் கோடியில் இருக்கிறது. வேர்க்கடலைக்குப் பேர்போன நாடு. நம் புதுச்சேரியைப் போலப் பிரெஞ்சுக்காரர் ஆண்ட இடம். 1960-ல் சுதந்திரம் அடைந்தது. அதன் தென்பகுதியில் கோல்டா என்ற மாகாணத்தில் வெலிங்காரா என்று ஓர் ஊர். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் பெண் குழந்தைகளுக்கு ஒரு சடங்கு உண்டு. எழுதக் கை கூசுகிறது, இருந்தாலும் எழுதத்தான் வேண்டும். சின்னஞ்சிறு பெண்ணின் மறைவிடத்தைக் கத்தியால் அறுத்துவிடுவது. ரத்தம் நிற்காமல் போவதும் உண்டு, புண் சீழ் வைப்பதும் உண்டு. பிழைத்தவளுக்கும் பிற்காலத்தில் பிரசவம் கஷ்டமாகிறது. அது போதாதென்று இளம் வயதிலேயே கல்யாணம் வேறு.

கத்தியைப் பிடிப்பது ஆண்பிள்ளை அல்ல; ஊரிலுள்ள வயதான பெண்தான். குழந்தைக்கு எப்போது செய்வது என்பதில் பெரும்பாலும் பாட்டியின் வார்த்தைதான் எடுபடும். பேத்தியைக் கண்ணுக்குக் கண்ணாக வளர்ப்பவளும் அவளே. கொடுமை செய்கிறோம் என்ற நினைப்பே அவளுக்குக் கிடையாது. இது செய்யாவிட்டால் பெண்ணுக்கு ஊரில் மரியாதை இல்லை, மாப்பிள்ளை கிடைக்க மாட்டான் என்பதுதான் அவளுடைய கவலை.

செனகல் சர்க்கார் 1999-ல் சட்டம் போட்டது. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வருஷம் வரை சிறைவாசம். ஆனால் சட்டம் ஊருக்குள் நுழைந்ததே தவிர வீட்டுக்குள் நுழையவில்லை. வெளிப்படையாக நடந்தது ரகசியமாக நடந்தது. இருபது வருஷம் கழித்து எடுத்த கணக்கிலும் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் ஏறக்குறைய நான்கில் ஒருத்திக்கு அந்தச் சடங்கு நடந்திருந்தது. சட்டத்துக்கு முன்னால் நடந்ததும் இதில் சேர்த்திதான் என்றாலும், கோல்டா பக்கத்தில் கணக்கு இதைவிட அதிகம்.

பிரசாரத்துக்குப் போனவர்கள் என்ன செய்தார்கள்? இளம் பெண்களையும் தாய்மார்களையும் கூட்டி வைத்துப் பேசினார்கள். பாட்டிகளை மட்டும் விட்டுவிட்டார்கள். கிழவிகள் மாறமாட்டார்கள் என்று முன்கூட்டியே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. கூட்டத்தில் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்த மருமகள், அடுப்படியில் மாமியார் எதிரில் என்ன பேச முடியும்? இதைத் தெரிந்துகொள்ள ஆப்பிரிக்காவுக்குப் போகவேண்டியதில்லை.

ஜூடி ஆபெல் என்ற அமெரிக்கப் பெண்மணி இதை வேறு விதமாகப் பார்த்தார். அதற்கு முன்பே செனகலில் கர்ப்பிணிகளின் ஆகாரம், குழந்தைகளின் ஆகாரம் சம்பந்தமான ஒரு வேலையில் பாட்டிகளையும் சேர்த்துக்கொண்டு நல்ல பலனைக் கண்டிருந்தார். 2004-ல் வெளிவந்த அவருடைய ஆராய்ச்சியின் சாரமே, பழக்கவழக்கங்களுக்குக் காவல் நிற்பவர்கள் மாறுதலுக்கு எதிரிகள் அல்ல என்பதுதான். அடுத்த வருஷம் பாட்டிகளின் பெயராலேயே ஒரு ஸ்தாபனம் ஆரம்பித்தார். 2008 முதல் அந்த ஸ்தாபனம் வெலிங்காரா கிராமங்களில் வேலை செய்ய ஆரம்பித்தது.

போனவுடன் அவர்கள் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. கத்தியைப் பற்றி மூச்சு விடவில்லை. ஊரைக் கூட்டிப் பாட்டிகளைக் கௌரவிக்க ஒரு விழா நடத்தினார்கள். பாட்டும் ஆட்டமும் அமர்க்களப்பட்டன. 'உங்களுக்குத் தெரிந்தது எங்களுக்குத் தெரியாது' என்று ஊராரும் ஆசிரியர்களும் அவர்களிடம் வந்து உட்கார்ந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு அழைத்துக் குழந்தைகளுக்குக் கதை சொல்லச் சொன்னார்கள். ஒரு மூலையில் கிடந்தவளுக்கு அதுவே எவ்வளவு பெரிய விஷயம்!

அப்புறம்தான் பேச்சு. பாட்டிகள், தாய்மார்கள், இளம் பெண்கள், ஊர்த் தலைவர், இமாம், ஆசிரியர்கள் எல்லோரும் ஒரே இடத்தில். 'நம் வழக்கங்களில் எது நல்லது, வைத்துக்கொள்வோம். எது குழந்தைகளுக்குக் கெடுதல், விட்டுவிடுவோம்' என்பதுதான் கேள்வி. முடிவே இல்லாத கதைகளைச் சொல்வார்களாம். கதை ஒரு சிக்கலில் போய் நிற்கும். 'நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?' என்று கேட்பார்கள். பதிலை அவர்கள் சொல்லமாட்டார்கள். வாராவாரம் 'தொடரும்' போடுகிற நம் ஆசிரியர் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்.

கொஞ்சம் கொஞ்சமாகப் பாட்டிகளே வாய் திறந்தார்கள். தனக்கு நடந்தது, தன் மகளுக்குப் பிரசவத்தில் நேர்ந்தது. பிறகு, போதும், என் பேத்திக்கு வேண்டாம் என்றார்கள். இள வயதுக் கல்யாணத்துக்குப் பேத்தியின் பக்கம் நின்று தடை சொன்ன பாட்டிகளும் உண்டு. பாட்டியே வேண்டாம் என்றபிறகு ஊரில் யார் வேண்டும் என்பது?

பாட்டிகளின் கதை இதோடு போகவில்லை. அதே ஆப்பிரிக்காவில், தெற்கே ஜிம்பாப்வே நாட்டில், டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-ல் 14 பாட்டிகளைச் சேர்த்துக்கொண்டார். தலைநகர் ஹராரேயில் ம்பாரே என்ற ஏழைகள் வாழும் பேட்டை. ஆஸ்பத்திரியில் அவருக்கு ஓர் அறைகூடக் கிடைக்கவில்லையாம். ஆகவே வெளியே மரத்தடியில் ஒரு பெஞ்சு. பயிற்சி பெற்ற பாட்டி ஒருத்தி அதில் உட்கார்ந்திருப்பாள். துயரப்பட்டவர்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேசலாம். வருகிறவர்களில் வீட்டில் அடி வாங்கும் பெண்களும் உண்டு. பாட்டிக்குச் சொல்லிக்கொடுத்திருப்பது முக்கியமாக ஒன்றே: முதலில் கேள்; புத்திமதியை மூட்டை கட்டி வை. நிறையக் கேட்டபிறகு, இருக்கிற கஷ்டங்களில் எதை முதலில் தீர்க்கலாம் என்று அவள் வாயாலேயே வரவழை. 573 பேரை வைத்து நடத்திய பரீட்சையின் முடிவு 2016-ல் வெளிவந்தது. பெஞ்சில் உட்கார்ந்து பேசியவர்களின் மனச்சோர்வு, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட நன்றாகக் குறைந்திருந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு எனக்கு ஒரு குறுகுறுப்பு. பாட்டிமேல் இவ்வளவு கோபப்பட்டேனே, ஒரு நாளாவது அவளிடம் உட்கார்ந்து பேசியிருக்கிறேனா?

மறு நாள் மத்தியானம் முருங்கைக் கீரையை எடுத்துக்கொண்டு இரண்டாம் மாடிக்குப் போனேன். கீரை ஆய்வதில் ஒரு சௌகரியம், முகத்தைப் பார்க்காமல் பேசலாம். எதிர் வீட்டைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. "உங்க காலத்துல இந்த மாதிரி நடந்தா என்ன பண்ணுவாங்க, பாட்டி?" என்று மட்டும் கேட்டேன்.

பாட்டி வெகு நேரம் ஒன்றும் சொல்லவில்லை. கீரை பாதி ஆய்ந்தாகிவிட்டது.

"என் பொண்ணு மூணு தடவை வந்தா" என்றாள். "மூணு தடவையும் நான்தான் கொண்டுபோய் விட்டேன். கடைசித் தடவை காதுல ரத்தம். அப்பவும் தலைசீவிப் பூ வெச்சு பஸ் ஏத்திவிட்டேன். அப்பன் இல்லாத பொண்ணு, வீட்டோட இருந்தா ஊரு என்ன பேசும்னு பயம். இப்ப அவன் போய்ச் சேர்ந்துட்டான், அவ நல்லா இருக்கா. தீவாளிக்கு வருவா. சாப்பிடுவா. ராத்திரி மட்டும் தங்கமாட்டா. எவ்வளவு லேட்டானாலும் கிளம்பிடுவா."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

"எனக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தானே நான் அவளுக்குச் சொன்னேன்?" என்றாள் பாட்டி. "அன்னிக்கு மாடியில இந்தப் பொண்ணுகிட்டயும் அதையே சொன்னேன். வாய் தானா சொல்லிடுச்சு. சொல்லிட்டு ராத்திரி பூராத் தூங்கலே."

நாங்கள் அதற்குமேல் பேசவில்லை. பாட்டி மட்டும் நான் கிளம்பும்போது, "அவங்க வீட்டுக்குள்ளே நாம எப்படிப் போறது?" என்றாள். கேள்வியா, தனக்குத்தானே பேசிக்கொண்டதா, தெரியவில்லை.

நாலு நாள் கழித்து ராத்திரி சத்தம் ஆரம்பித்தது. நான் வாசல் கதவைத் திறந்துகொண்டு மாடிப்படியில் வந்து நின்றேன். அதற்குமேல் கால் வரவில்லை. இரண்டாம் மாடியில் பாட்டி வீட்டுக் கதவு திறந்தது. கையில் ஒரு எவர்சில்வர் கிண்ணம். நிதானமாக நடந்து போய் எதிர் வீட்டு மணியை அழுத்தினாள். உள்ளே சத்தம் நின்றது. மறுபடி அழுத்தினாள். விடாமல் அழுத்தினாள்.

கதவு திறந்தது. அவன் நின்றான். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"உறை மோர் இருக்கா தம்பி? பாலைக் காய்ச்சி வெச்சுட்டேன், உறை குத்த ஒரு சொட்டு மோர் இல்லே. உன் பொண்டாட்டியைக் கூப்பிடு."

"நாளைக்கு வாங்க பாட்டி."

"நாளைக்கு வந்தா பால் திரிஞ்சுடுமே! நீ தேட வேணாம்ப்பா, அவளைக் கூப்பிடு. நான் நிக்கறேன்."

நின்றாள். பாட்டிக்கு முழங்கால் வலி. ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் நிற்கமாட்டாள். அன்றைக்குக் கால் மணி நேரம் நின்றாள். அந்தப் பெண் வந்தாள், ஒரு கரண்டி மோர் ஊற்றினாள். பாட்டி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். "எனக்கு ராத்திரியில தூக்கம் வர்றதில்லே தம்பி. காது நல்லாக் கேக்குது" என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தோடு திரும்பினாள்.

2008-ல் வடக்கே 'மணியை அடி' என்ற அர்த்தத்தில் ஹிந்தியில் ஒரு பிரசாரம் நடந்தது. பக்கத்து வீட்டில் அடி விழும் சத்தம் கேட்டால், மணியை அழுத்தி ஏதாவது சாக்குச் சொல்லிக் கேளுங்கள் என்பதுதான் அதன் சாரம். பாட்டி அதைக் கேள்விப்பட்டதே இல்லை. நான் சொன்னபோது, "ஓகோ, அவங்களும் உறை மோர்தான் கேட்டாங்களா?" என்றாள்.

அந்த மாதத்தில் பாட்டிக்கு மூன்று தடவை உறை மோர் தேவைப்பட்டது. மற்ற இரண்டு பாட்டிகளும் சேர்ந்துகொண்டார்கள். கீழ் வீட்டுப் பாட்டிக்குத் திடீரென்று காஸ் நாற்றம் அடிக்கும். மூன்றாம் மாடிப் பாட்டிக்குப் பஞ்சாங்கத்தில் நாளைக்கு என்ன திதி என்று ராத்திரி ஒன்பதரைக்குத் தெரிந்தாக வேண்டும். அவன் எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் புகார் செய்தான்: வயதானவர்கள் வேளை கெட்ட வேளையில் தொந்தரவு செய்கிறார்களாம். காரியதரிசி தொண்டையைக் கனைத்துக்கொண்டு பாட்டியைப் பார்த்தார். "ஆமாம், செய்றோம். எதுக்குன்னு தம்பியையே சொல்லச் சொல்லுங்க" என்றாள் பாட்டி. கூட்டம் சீக்கிரம் கலைந்துவிட்டது.

பகலில் அந்தப் பெண் பாட்டி வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். பாட்டி புத்திமதி சொல்வதில்லை. கேட்டுக்கொண்டிருப்பாள், கேட்டுப் பழக வேண்டியிருந்தது, வாய் துறுதுறுக்கும். சட்ட சமாசாரங்களைப் படித்துச் சொல்லும் வேலை எனக்கு.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்க 2005-ல் ஒரு சட்டம் வந்தது. 2006 அக்டோபரில் அமலுக்கு வந்தது. அடிப்பது மட்டும் அல்ல, கேவலமாகப் பேசுவது, செலவுக்குப் பணம் தராமல் வதைப்பது எல்லாமே அதில் சேரும். வீடு தன் பேரில் இல்லாவிட்டாலும் மனைவியைச் சட்டப்படியான உத்தரவு இல்லாமல் வெளியேற்ற முடியாது. மாமனார், மாமியார் பேரிலுள்ள வீடும் அவள் குடியிருந்த வீடானால் அந்த உரிமையில் சேரலாம் என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியிருக்கிறது. பாட்டிக்கு இது நம்ப முடியவில்லை. "வீடு அவன் பேர்ல இருந்தாலுமா?" என்று இரண்டு தடவை கேட்டாள். "இது அன்னிக்குத் தெரிஞ்சிருந்தா" என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். அவளுடைய பெண்ணின் காலத்தில் இந்தச் சட்டமே இல்லை என்று நான் சொல்லவேண்டியதாயிற்று.

நம்மைப் போன்ற அண்டை அயலாருக்கும் அதில் ஒரு விஷயம் இருக்கிறது. அடிபடுகிறவள்தான் போய்ச் சொல்லவேண்டும் என்பதில்லை. நடக்கிறது என்று நம்பக் காரணமுள்ள யாரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் கொடுக்கலாம். நல்லெண்ணத்தோடு கொடுத்தால், கொடுத்தவர்மேல் வழக்கு எதுவும் வராது. தமிழ்நாட்டில் 181 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தால் பெண்களுக்கான உதவி கிடைக்கும். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் 112. ஒரு விஷயம் முக்கியம்: அந்தப் பெண்ணைக் கேட்காமல் அவசரப்பட்டு எதையும் செய்துவிட்டு, பின் விளைவை அவள் தலையில் போடக் கூடாது. கதவு திறக்கவில்லை, கையில் ஏதோ வைத்திருக்கிறான் என்றால் உறை மோரெல்லாம் உதவாது, உடனே டெலிபோன்தான். பாட்டி இரண்டு எண்களையும் காலண்டரில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறாள்.

போன மாதம் அந்தப் பெண்ணின் அம்மா ஊரிலிருந்து பாட்டியோடு டெலிபோனில் பேசினாள். நான் பக்கத்தில் இருந்தேன். "நீங்க பெரியவங்க, கொஞ்சம் அனுசரிச்சுப் போகச் சொல்லுங்கம்மா" என்கிறாள் அந்த அம்மா. பாட்டி சிறிது நேரம் டெலிபோனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் சொல்லமாட்டேன் தாயி. நான் ஒருத்திக்குச் சொல்லி அனுபவிச்சுட்டேன். உன் பொண்ணு வந்தா, என்னிக்குத் திரும்பிப் போறேன்னு மட்டும் கேக்காதே. சோறு போடு."

அந்தப் பெண் குழந்தையுடன் ஊருக்குப் போனாள். ஒரு மாதம் இருந்தாள். பாதுகாப்பு அலுவலரைப் பார்த்து மனுக் கொடுத்திருக்கிறாள். அவன் இரண்டு தடவை போய் அழைத்தான். தன் நிபந்தனைகளை எழுத்தில் கொடுத்துவிட்டுத்தான் போன வாரம் திரும்பி வந்திருக்கிறாள். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நான் எழுதமாட்டேன், எனக்குத் தெரியாது. சத்தம் இதுவரை கேட்கவில்லை. பாட்டி ஒன்பது மணிக்கு மருந்து சாப்பிட்டுவிட்டுத் தூங்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பத்தரை வரை அவள் வீட்டு விளக்கு எரிகிறது.

பாட்டியின் பெண்ணுக்கு இந்த விஷயமெல்லாம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். "அம்மாவா? எங்கம்மாவா?" என்று கேட்டாளாம்.

சகோதரிகளே, உங்கள் தெருவிலும் மாடியிலும் இப்படி மணி அடிக்கிற பாட்டிகள் இருந்தால் எனக்கு எழுதுங்கள். என்ன சாக்குச் சொல்லி அடிக்கிறார்கள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். எங்கள் பாட்டி கேட்டிருக்கிறாள். எத்தனை நாளைக்குத்தான் உறை மோரே கேட்பது என்கிறாள். அவள் வீட்டு ஐஸ் பெட்டியில் இப்போதே ஆறு கிண்ணம் தயிர் இருக்கிறது.